குடிலுக்குக் கேழ்வரகு வாங்கிவிட்டேன்

தூத்துக்குடி
டிசம்பர் 7, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலைப் பூசையில் திருவருகைக் காலத்து இரண்டாவது மெழுகுதிரி ஏற்றினார்கள். கிறிஸ்மஸ் ராத்திரிக்கு இன்னும் பதினேழு நாள்தான். அப்பா பரணிலிருந்து குடில் பெட்டியை இறக்கி, சுரூபங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து ஜன்னல் ஓரமாக வைத்திருக்கிறார். கால் உடைந்த ஆட்டுக்கு நீ ஒட்டிவைத்த தீக்குச்சி இன்னும் உறுதியாக நிற்கிறது. கேழ்வரகு அரைக் கிலோ வாங்கிவிட்டேன். 13ஆம் தேதி ஊறப்போட்டு மறுநாள் தட்டில் விதைத்தால் 24க்கு விரல் உயரம் வந்துவிடும். போன வருடம் அவசரப்பட்டு முன்னாலேயே விதைத்து, பூசைக்கு முன்பே புல் சாய்ந்துவிட்டது.

டிக்கெட் எடுத்துவிட்டாயா? முன்பெல்லாம் 120 நாளைக்கு முன்னாலேயே போட்டுவைப்பாய். இப்போது 60 நாள்தான் என்கிறார் அப்பா. அப்படிப் பார்த்தாலும் 23ஆம் தேதி முத்துநகர் எக்ஸ்பிரஸுக்கு அக்டோபர் கடைசியிலேயே திறந்திருப்பார்கள். எடுத்திருந்தால் சொல்லியிருப்பாய். தட்கலை நம்பி உட்கார்ந்திருக்காதே, முந்தின நாள் காலையில்தான் திறக்கும், கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். ஆம்னி பஸ்காரர்கள் பண்டிகை நேரத்தில் என்ன கேட்பார்கள் என்று உனக்கே தெரியும். பணம்தான் காரணம் என்றால் என் சீட்டுப் பணம் இருக்கிறது. அப்பாவுக்குத் தெரியவேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ராத்திரி பத்து மணிக்கு மேல் பரோட்டா சாப்பிடாதே. சித்தி அச்சு முறுக்குக்கு மாவு இடிக்கக் கொடுத்துவிட்டாள். மணப்பாட்டு மாமா வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் 22ஆம் தேதியே வருகிறார்கள். இரட்டைப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள், பெரியவளுக்குப் பாட்டுக் குழுவில் இடம் கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் பாய் போடக் கூடத்தில் இடம் காணாது. உன் அறையை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 5க்கு நீ வருவாய் என்று எதிர்பார்த்தேன். வேலையில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது, லீவு கேட்க முடியாது என்றாய். சரி என்று விட்டுவிட்டேன். மாதா கோயில் திருவிழாவுக்கு நீ இல்லாதது அதுதான் முதல் தடவை. அப்பாவின் கண் ஆபரேஷனுக்குச் சொல்லாமலே பணம் அனுப்பினாய். கட்டுப் பிரித்த அன்று பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் “மகன் அனுப்பினான்” என்று நான்தான் சொன்னேன், வாய் வலிக்கச் சொன்னேன். ஆனால் தம்பி, அப்பா கண் திறந்ததும் முதலில் வாசலைத்தான் பார்த்தார். பணம் வந்தது, நீ வரவில்லை. போனில் கேட்டால் “பார்க்கலாம்மா” என்கிறாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனை மாதம் ஓட்டுவது?

2023 கிறிஸ்மஸை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். முதலில் சென்னையில் மிக்ஜாம் புயல் வந்து, இரண்டு நாள் உன் குரலே கேட்கவில்லை. சரியாக இரண்டு வாரத்தில், 17ஆம் தேதி, நமக்கு வெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுவிட்டது. நம் தெருவில் முழங்கால் தண்ணீர் ஒரு வாரமாகியும் வடியவில்லை. நீ திருநெல்வேலி வரைக்கும் வந்து, அங்கிருந்து யாரோ நிவாரணச் சாமான் கொண்டுவந்த லாரியில் ஏறி, இரண்டு தண்ணீர் கேனும் பால் பவுடரும் சுமந்துகொண்டு வந்து நின்றாய். குடிலாவது ஒன்றாவது என்று நான் சொன்னபோது, சித்தி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், அரிசிச் சாக்கை மலையாக்கி, வைக்கோல் இல்லாததால் ஈர்க்குச்சியைப் பரப்பி வைத்தாய். புனித பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியில் கிரேச்சோ குகையில் குடில் வைத்து அந்த வருடத்தோடு 800 வருடம் ஆகிறது என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். எனக்கு அந்த நேரம் நம் மொட்டைமாடிதான் கண்ணுக்குள் வந்தது. சின்னவனைத் தோளில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் கையால் குழந்தை இயேசுவை வைக்கவைத்தாயே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சின்னவனைப் பற்றிச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். வேறெங்கெங்கோ போய்க்கொண்டிருக்கிறேன்.

முந்தாநாள் அவன் வந்திருந்தான். “இந்த வருஷமும் குழந்தை இயேசுவை நீதானே வைக்கணும்” என்றேன். “நான் வைக்க மாட்டேன் பெரியம்மா. நான் பேசினதாலதானே அண்ணன் வர்றதில்ல” என்றான். எட்டு வயதுப் பிள்ளை. ஒரு வருடமாக இதை மனதுக்குள் வைத்திருக்கிறான்.

தம்பி, உனக்கு வேலை போனதை என்னிடம் மட்டும்தான் சொன்னாய். அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், சித்தியிடம்கூடச் சொல்லாதே என்றாய். சரி என்றேன். சத்தியம் மாதிரிதான் அது. பத்து நாள் தாக்குப்பிடித்தேன். முறுக்குச் சுட உட்கார்ந்த அன்று சித்தி, “என்னக்கா முகமே சரியில்லை” என்று ஒரு வார்த்தை கேட்டாள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிள்ளைகள் பக்கத்து அறையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

போன கிறிஸ்மஸ் மத்தியானம் இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அவன், “அண்ணா, உங்களுக்கு வேலை போயிருச்சாமே, இனிமே இங்கேயே இருப்பீங்களா?” என்று கேட்டான். அவன் முகத்தில் எவ்வளவு சந்தோஷம். நீ இங்கேயே இருந்துவிடுவாய் என்ற சந்தோஷம்தான் அது. அப்பா பிசைந்த சோற்றோடு அப்படியே இருந்துவிட்டார். சித்தி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். நான் என்ன செய்தேன்? “சின்னப் பிள்ளை, எதையோ கேட்டுவிட்டு உளறுகிறான், பொய் பேசாதே” என்று அவனை அதட்டினேன். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

26ஆம் தேதி காலையில் வீட்டை விட்டு யாராவது கிளம்பினாலே 2004லிருந்து எனக்கு அடிவயிறு கலங்கும். நீயும் பார்த்து அந்த நாளில்தான் போனாய். வாசலில் வந்து, நான்தான் சொன்னேன் தம்பி, மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் சாப்பிட முறுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். நீ அதைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போனாய்.

சொன்னவள் நான். உண்மையைக் கேட்ட பிள்ளையைப் பொய்யனாக்கியதும் நான். வேறு யாரோ சொல்லிவிட்டதாக நீ நினைத்துக்கொள்ளட்டும் என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். உனக்குத் தெரிந்திருக்கும் என்றும் மனதுக்குத் தோன்றும், இருந்தாலும் வாய் வரவில்லை.

முந்தாநாள் சின்னவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, “நீ பொய் சொல்லவில்லைடா, பொய் சொன்னது பெரியம்மாதான்” என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அது அண்ணனுக்குத் தெரியுமா?” என்று கேட்டான். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். அவனுக்கு ஒரு போன் போடு. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் என்றால் டியூஷன் முடிந்து வந்துவிடுவான். சித்தி நம்பரில் கூப்பிடு, என் நம்பருக்கு வேண்டாம்.

குழந்தை இயேசு சுரூபத்தை அவனிடமே கொடுத்தனுப்பிவிட்டேன். தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் படுக்கவைத்திருக்கிறானாம். நீ வந்த பிறகுதான் வெளியே எடுப்பானாம்.

வந்தால் 26ஆம் தேதி மட்டும் கிளம்பாதே. 28 ஞாயிற்றுக்கிழமை, பூசை பார்த்துவிட்டு ராத்திரி வண்டிக்குப் போகலாம். டிக்கெட் போட்டதும் அப்பாவுக்கு ஒரு வரி அனுப்பு, அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். மழைக்கோட்டு இல்லாமல் வண்டி ஓட்டாதே.

அம்மா