அப்பாவுக்கு, பல் விஷயமாக

பர்மிங்காம்,
நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது, குளிர் வேறு. உங்கள் கன்னம் மறுபடி வீங்கி, மெடிக்கலில் வாங்கிய மாத்திரையில் அடங்கிவிட்டதாக அம்மா சொன்னாள். அடங்கியதுதான் எனக்குக் கவலை. போனில் சொன்னால் "சரி, சரி" என்று வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

எனக்கும் போன மாதம் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டியது. இங்கே அரசுத் திட்டத்தில் புது ஆளைச் சேர்த்துக்கொள்ளும் பல் டாக்டர் கிடைப்பதே அபூர்வம். 111 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்து, அவர்கள் சொல்லும் இடத்துக்குப் போக வேண்டும். அவசரச் சிகிச்சைக்கு 27.40 பவுண்டு, நம்ம பணத்தில் மூவாயிரத்துக்கு மேல்.

ஆன்டிபயாடிக் கேட்டேன், டாக்டரம்மா தரவில்லை. காய்ச்சல் இல்லை, வீக்கம் பரவவில்லை, பிறகு எதற்கு என்றார். நரம்பு செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, மாத்திரை அங்கே போய்ச் சேராதாம். வெளியே வீக்கம் வடியும், உள்ளே கிருமி அப்படியே இருக்கும். பல்லைத் துளைத்துச் சீழை வெளியேற்றினார். அன்று இரவே தூங்கினேன். அப்புறம் ரூட் கெனால் செய்துகொண்டேன். அதுவானாலும் பிடுங்குவதானாலும் இங்கே 75.30 பவுண்டுதான், கேப் போட்டால் 326.70!

உங்கள் பல்லைக் காப்பாற்ற முடியுமா, பிடுங்க வேண்டுமா என்பது எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று அத்தை சொல்வதைக் கேட்காதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. சீழ் இருந்தால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் சீழ் ஆறாது. கிராம்புத் தைலம் வலியை மரக்கச் செய்யும், அவ்வளவுதான். வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினால், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டால், நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒரு வேடிக்கை. போர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்றுதானே நம் பக்கத்துக்கு ஒகேனக்கல் குடிநீர் வந்தது? இந்த ஊரிலோ பல் சொத்தையாகக் கூடாதென்று 1964 முதல் குடிநீரில் அதையே கலக்கிறார்கள், லிட்டருக்கு சுமார் 1 மில்லிகிராம். அளவுதான் எல்லாம் போல. ஃப்ளோரைடு மிஞ்சியதால் என் பல்லில் விழுந்த பழுப்புக் கறையைப் பார்த்ததும், சின்ன வயதில் எந்த ஊர்த் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டார் டாக்டரம்மா. பென்னாகரத்தை அவருக்கு எப்படி விளக்குவது!

தம்பி கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலையிலேயே அவனோடு தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்