ஆற்றின் வளைவுகளை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சமவெளி ஆறு வளைந்து வளைந்து ஓடினால் இடம் வீணாகிறது என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. வெளிவளைவில் வேகமாகப் போகும் தண்ணீர் கரையை அரித்து மடுவாக்குகிறது, உள்வளைவில் மணல் படிகிறது. பெரிய மீன் மடுவில் தங்கும், குஞ்சுகள் மணலோரத்து ஆழமில்லாத நீரில் வளரும்.

அமெரிக்காவில், புளோரிடாவின் கிஸ்ஸிம்மி ஆற்றை 1962 முதல் 1971 வரை நேரான கால்வாயாக வெட்டினார்கள். 103 மைல் ஆறு 56 மைலாகிவிட்டது, ஈரநிலம் காய்ந்து நீர்ப்பறவைகள் பெரும்பாலும் போய்விட்டன. அப்புறம் கால்வாயின் ஒரு பகுதியை மண்போட்டு மூடி, பழைய வளைவுகளுக்கே தண்ணீரைத் திருப்பினார்கள். வேலை முடிந்தது 2021இல்தான். பறவைகள் திரும்ப வந்தன, படகு விடவும் தூண்டில் போடவும் ஆட்களும் வருகிறார்கள்.

சரி, ஆற்றங்கரையில் நடைபாதையும் படகுத்துறையும் கேட்போம். ஆனால் வளைவை வெட்டி அல்ல.