எந்தக் காந்தாரம்?

கோயம்புத்தூர்
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. பேனா பிடிக்கிற கையில் கிரீஸ் போகவே மாட்டேன் என்கிறது. நீ பழைய மோரிஸ் மைனர் கார் வாங்கிவிட்டாய் என்று படித்ததும் வீட்டுக்காரியிடம் சொன்னேன். “அவருக்கும் தொற்றிக்கொண்டதா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கு மேல் பேச்சில்லை.

வண்டிக்கு நல்ல ஏர் ஹாரன் ஒன்று தேட வேண்டும் என்று எழுதியிருந்தாய். கேட்டது சரியான ஆளிடம்தான். நான் ஆறு மாதமாக அதே பைத்தியத்தில்தான் திரிகிறேன். ஆனால் முடிவில் உன்னிடம் ஒரு கேள்வி கேட்கப்போகிறேன், அதற்கு உன்னைத் தவிர யாராலும் பதில் சொல்ல முடியாது. அதனால் கடைசி வரை படி.

ஹாஸ்டல் மாடி அறை ஞாபகம் இருக்கிறதா? 1978. காலை எட்டேகால் மணிக்கு ஒரு மில் முதலாளியின் கிரீம் நிற ஃபியட் நம் கேட்டைத் தாண்டிப் போகும். வளைவில் ஒரே ஓர் அழுத்து. இரண்டு சுரம் சேர்ந்து வரும், பெரிய சத்தம்கூட இல்லை. நீ போர்வைக்குள்ளிருந்தபடியே “ஸ-க” என்பாய், அதாவது ஸட்ஜமும் காந்தாரமும். நாதஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளை, சும்மா இருக்க முடியாது. எனக்கு அப்போது ஸ-வும் தெரியாது, க-வும் தெரியாது. அந்த வண்டியைப் போல ஒன்று வாங்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. நாற்பது வருஷம் பம்புசெட் கம்பெனியில் மோட்டார் சுற்றிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு 1966 மாடல் ஃபியட் 1100 டிலைட் ஒன்று வாங்கினேன் அல்லவா, அதில் எல்லாம் சரியாகிவிட்டது, அந்த ஹாரன் மட்டும் இல்லை.

சித்திரை மாதம் உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது லாரி ஹாரன் குவியலுக்கு அடியில் இரண்டு சிறிய குழல்கள் கண்ணில் பட்டன. ஒன்று நீளம், ஒன்று குட்டை. குரோமியம் உரிந்து பித்தளை தெரிந்தது. துடைத்துப் பார்த்தால் அடியில் ‘ஃபியாம்’ என்று முத்திரை. என் நெஞ்சு அடித்துக்கொண்டது கடைக்காரருக்குக் கேட்டிருக்க வேண்டும், 4,500 என்றார். பேசிப் பேசி 1,800-க்கு வந்தார். ஒரு சாக்கு நிறையக் கிடந்த சாமான்களைக் கிளறி, அதனுடைய கம்ப்ரஸரையும் நானே கண்டுபிடித்தேன். டீ வேறு வாங்கிக் கொடுத்தார். அவருக்கு நஷ்டம் இல்லை என்று அப்போதே புரிந்தது.

ஃபியாம் இத்தாலிக் கம்பெனி. விசென்சா பக்கத்தில் மோன்டெக்கியோ என்ற ஊரில் 1942-ல் தொடங்கினார்கள். பேட்டரியும் மூன்று சக்கரச் சரக்கு வண்டியும்தான் முதல் தொழில், பெயருக்குள்ளேயே அந்த இரண்டும் ஒளிந்திருக்கின்றன. அப்புறம் ஹாரனில் இறங்கி ஃபெராரி வரைக்கும் போனார்கள். ஃபியட்டுக்கும் இத்தாலிதானே பூர்வீகம், ஜோடி பொருந்தும்.

நீ தேடப் போகும்போது ஒன்றைக் கவனி. லாரி ஹாரனைக் கார் ஹாரன் என்று தலையில் கட்டுவார்கள். குழலைப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். ஆனால் லாரி ஹாரன் பிரேக் டேங்க்கின் காற்றைக் குடிப்பது, அந்த அழுத்தத்துக்கு ஏற்ற மாதிரி உள்ளே தகடு விறைப்பாக இருக்கும். காரில் வருவது உள்ளங்கை அளவு மின் கம்ப்ரஸர். அதன் காற்றுக்கு லாரித் தகடு அசையக்கூடச் செய்யாது, ‘புஸ்’ என்று ஒரு பெருமூச்சுதான் வரும். பழைய சாமான் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனாலும் சரி, பெங்களூரு சிவாஜி நகருக்குப் போனாலும் சரி, கம்ப்ரஸரோடு சேர்த்து வாங்கு. தனிக் குழலை அழகுக்காக வாங்காதே.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று உனக்குச் சொன்னால் சிரிப்பாய். உங்கள் வீட்டு நாதஸ்வரத்தின் வாயில் சொருகும் நாணல் சீவாளி செய்கிற வேலையைத்தான் இங்கே ஒரு இரும்புத் தகடு செய்கிறது. குழலின் கழுத்து வாயில் அந்த மெல்லிய தகடு அழுத்தி உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றிக் காற்று நிறைந்து அழுத்தம் ஏற ஏற, தகடு வாயை விட்டுக் கொஞ்சம் எழும்பும். காற்று குழலுக்குள் பாயும், அழுத்தம் விழும், தகடு மறுபடி பட்டென்று உட்காரும். ஒரு வினாடிக்குள் இது நூற்றுக்கணக்கான தடவை. எந்தச் சுரம் என்பதைப் பெரும்பாலும் குழலின் நீளம் தீர்மானிக்கும். பின்னால் ஒரு திருகும் லாக் நட்டும் உண்டு, தகடு எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும் என்று அதில் சரிசெய்யலாம். நாணலுக்குப் பதில் இரும்பு, வாய்க்குப் பதில் மோட்டார், மற்றதெல்லாம் உங்கள் தாத்தா வித்தைதான்.

என் தகடு இரண்டும் துருவில் சல்லடையாகிவிட்டிருந்தன. ஓரத்தை மடித்து அடைத்திருந்த விளிம்பைச் சின்ன உளியால் கால் அங்குலம் கால் அங்குலமாக நிமிர்த்தி எடுக்கவே இரண்டு சாயங்காலம் ஆனது. புதுத் தகட்டை 0.1 மில்லிமீட்டர் ஷிம் ஷீட்டில், அதாவது மெல்லிய உலோகத் தாளில், வெட்டினேன். கத்தரியால் வெட்டினால் ஓரம் சுருண்டுவிடுகிறது, சுருண்டால் ஒரு பக்கம் காற்று கசியும். இரண்டு மரத்துண்டுக்கு நடுவில் வைத்து இறுக்கிச் சேர்த்து வெட்டிய பிறகுதான் தட்டையாக வந்தது. ஏழு தகடு வீண்.

கம்ப்ரஸர் கதை தனி. மோட்டார் சுழலவே இல்லை. டீசலில் ஊறப்போட்டுக் கழற்றினால், ரோட்டர் பள்ளங்களில் வழுக்கி ஓட வேண்டிய தகடுகளில் ஒன்று இரண்டாக உடைந்து கிடந்தது. பம்புக்காரனுக்கு இது பழகின ஊர்தானே. பிசின் ஏற்றிய கெட்டி அட்டையான ஹைலம் ஷீட்டில் அறுத்து, கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்துத் தேய்த்து நாலையும் புதிதாகவே போட்டேன். அடுத்தது கார்பன் பிரஷ். கெட்டிக்காரத்தனமாக மிக்ஸி பிரஷ்ஷை அரத்தால் ராவிப் பொருத்தினேன். அளவு கச்சிதம், மோட்டாரோ சளி பிடித்தவன் மாதிரி முனகியது. ஆர்மேச்சர் சுற்றுகிற பையன் ஒருவன் பார்த்துவிட்டு, “சார், மிக்ஸி 230 வோல்ட். இது 12 வோல்ட். செம்பு கலந்த கார்பன் போடுங்க” என்றான். நாற்பது வருஷ சர்வீஸ் எனக்கு, அவனுக்கு இருபது வயது இருக்கும். வைப்பர் மோட்டார் பிரஷ்ஷை ராவிப் போட்டதும் சீறிக்கொண்டு எழுந்தது. எண்ணெய்க்குத் தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு போதும். கெட்டியான எண்ணெய் விட்டால் தகடுகள் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இனி என் முட்டாள்தனம். குழல்களைக் குரோமியம் போடக் கொடுத்தேன். கடை பெயர் வேண்டாம், தப்பு பாதி என்னுடையது. குட்டைக் குழலின் அடிப்பாகம் பித்தளை இல்லை, மஜாக் வார்ப்பு, அதாவது துத்தநாகக் கலவை. அதைத் தனியாகக் கழற்றிக் கொடுத்திருக்க வேண்டும். திருகு இறுகிப்போயிருந்தது, ‘பரவாயில்லை’ என்று அப்படியே கொடுத்துவிட்டேன். பழைய முலாம் போக ஆசிட்டில் போட்டார்கள். பித்தளைக்கு ஒன்றும் ஆகவில்லை, துத்தநாகம் பொங்கிக் கரைந்துவிட்டது. நான் போனபோது தொட்டிக்குள் எறும்பு தின்ற வெல்லக்கட்டி மாதிரி ஒரு மிச்சம் கிடந்தது. போதாக்குறைக்கு பஃபிங் பையன் நீளக் குழலில் இருந்த முத்திரை எழுத்தையும் மழுங்கத் தேய்த்துவிட்டான். பளபளப்பு மட்டும் கண்ணாடி போல. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

ஆகவே உன்னுடையதைப் பிளேட்டிங்குக்கே கொடுக்காதே என்பேன். கொஞ்சம் உரிந்திருந்தால் உரிந்திருக்கட்டும். நசுங்கலை மட்டும் உள்ளே மரக்கட்டை விட்டுத் தட்டி எடு. நம் வயதில் வண்டியும் நாமும் ரொம்பப் பளபளப்பாக இருந்தால் ஊர் சந்தேகப்படும்.

கரைந்துபோன அடிப்பாகத்தை லேத்தில் அலுமினியத்தில் கடைந்தேன், கண் அளவில். அங்கேதான் வினை. எல்லாம் பூட்டி, ஷெட்டில் பேட்டரி வைத்து அழுத்தினேன். எதிர்வீட்டுத் தென்னையிலிருந்த காக்கைகள் மொத்தமும் எழுந்தன. வீட்டுக்காரி வாசலுக்கு வந்து, “என்னங்க, அழுவுற மாதிரி இருக்கு” என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஏதோ இறங்கியிருந்தது.

மகள் மொபைலில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். தனித்தனியாக ஊதவிட்டு அளந்தால், மேல் சுரத்தின் அதிர்வெண் கீழ்ச் சுரத்தினுடையதைப் போல 1.2 பங்கு. டேப் வைத்து நீளம் பார்த்தேன். பெரியது 25 செ.மீ., சிறியது 20.8. அந்த 8 மில்லியைக் கழித்தால் 20 செ.மீ. ஆகும், பங்கு 1.25 ஆகும். அந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் நீ எப்போதோ மெஸ்ஸில் சாம்பார் வாளிக்கு முன்னால் சொன்னது ஞாபகம் வந்தது: காந்தாரம் இரண்டு, சாதாரணம் ஒன்று, அந்தரம் ஒன்று. 1.2 என்றால் சாதாரண காந்தாரம், 1.25 என்றால் அந்தர காந்தாரம். சரிதானே?

இப்போது என் சிக்கலைப் பார். கரைந்த அடிப்பாகத்தை நான் முன்னால் அளக்கவில்லை. புதிதாகக் கடைந்தபோது 8 மில்லி கூட வைத்துவிட்டேனா, அல்லது அசலே அவ்வளவுதானா? எழுத்துக்கூட இல்லை ஒப்பிட. அந்த கிரீம் ஃபியட் எங்கே போனதோ. நீ போர்வைக்குள்ளிருந்து “ஸ-க” என்று சொன்னது நிச்சயம். எந்தக் காந்தாரம்? யோசித்துச் சொல். கணக்கைப் பார்த்துச் சொல்லாதே, கேட்டது எதுவோ அதைச் சொல்.

உன் மைனருக்கு வருகிறேன். பழைய மைனர் என்றால் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ் பாடியில் இருக்கிறதா என்று முதலில் பார். கம்ப்ரஸர் மோட்டார் நிலைக்காந்த ரகமாக இருந்தால், வயரை மாற்றிக் கொடுத்தவுடன் தலைகீழாகச் சுற்றும். ஊத வேண்டியது உறிஞ்சும். நீ ஹாரன் கெட்டுவிட்டது என்று கழற்றிப் போட்டுவிடுவாய். அப்புறம் ரிலே இல்லாமல் பூட்டாதே. 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஸ்டீயரிங் பட்டன் அதைத் தாங்காது. கம்ப்ரஸரைச் செங்குத்தாக நிறுத்து, குழல் வாய் கொஞ்சம் கீழ் நோக்கி இருக்கட்டும். இல்லாவிட்டால் உங்கள் ஊர் ஐப்பசி மழை முழுதும் தகட்டின் மேல்தான் நிற்கும்.

ரோட்டில் அடிக்கலாமா என்று கேட்பாய். கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, 119-ஆம் விதியில் பல சுரம் மாறி மாறி வருகிற ஹாரனும் காதைக் கிழிக்கிற ஹாரனும் வண்டியில் பொருத்தவே கூடாது என்று இருக்கிறது. மருத்துவமனை வாசலில் பஸ்காரன் அடிக்கிற அடியைக் கேட்ட யாரும் அந்த விதியைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். ஹாரன் சரித்திரமே கொஞ்சம் அப்படித்தான். 1908-ல் அமெரிக்காவில் கிளாக்ஸன் ஹாரனைக் கண்டுபிடித்த ஹட்சிசன் அதற்கு முன்பு செய்தது காது கேளாதவர்களுக்கான கருவி! என் வண்டியில் சாதா ஹாரன்தான் வேலை செய்கிறது. ஃபியாம் மர ஸ்டாண்டில் ஷெட்டில் இருக்கிறது, பேட்டரியைக் கொடுத்தால் பாடும். அது போதும் எனக்கு.

உன் மாமா வீட்டுப் பரணில் இருக்கிறதாகச் சொன்ன பல்ப் ஹாரனை விற்றுவிடாதே. அதற்குள் இருப்பது பித்தளை நாக்கு, ஆர்மோனியத்தில் இருப்பது போலவே. நுனியைச் சுரண்டினால் சுரம் ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். ரப்பர் பந்து மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். அதை நீயே செய்வாய், என்னைவிட நன்றாகச் செய்வாய்.

தைக்குள் ஒரு நடை வா. கையில் சுருதிப்பெட்டியும் கொண்டு வா. லேத் பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன், அந்த 8 மில்லியைக் கடைய அரை மணி போதும். நீ கேட்டுவிட்டுச் சொல்கிற வரை லாக் நட்டை விரலால் மட்டும்தான் திருகி வைத்திருக்கிறேன், ஸ்பேனர் போடவில்லை.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்