மூத்தவனை இப்போது அனுப்ப வேண்டாம்

பேராக், மலாயா
27 ஏப்ரல் 1952

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் எல்லோரும் சுகம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் சுகத்துக்கு எழுதவும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் இறங்கும் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். காரணம் படித்தால் தெரியும்.

உங்கள் மூத்த மகனுக்கு இங்கே ரப்பர் தோட்ட ஆபீசில் கிராணி (குமாஸ்தா) வேலை பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். அவன் விவசாயிகள் சங்கத்தில் இருக்கிறான், தேர்தலில் கம்யூனிஸ்டுகளுக்காக ஊர் ஊராக அலைந்தான் என்றும் பெருமையாக எழுதியிருந்தீர்கள். அங்கே அது பெருமைதான். 1950இல் சேலம் சிறையில் 22 கைதிகளைச் சுட்டுக் கொன்ற அதே ராஜ்யத்தில் இன்று அந்தக் கட்சியார் 62 பேர் சட்டசபைக்குப் போகிறார்கள். இங்கே நிலைமை வேறு. அந்தப் பெயர் ஒருவன் மேல் விழுந்துவிட்டால், அது உண்மையா என்று யாரும் கேட்பதில்லை.

1948 ஜூனில் சுங்கை சிப்புட் பக்கம் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் மூவரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதையடுத்து வந்த அவசரகாலச் சட்டம் நான்கு வருஷமாகியும் போகவில்லை. விசாரணையே இல்லாமல் ஒருவனை இரண்டு வருஷம் அடைத்து வைக்கலாம். கையில் துப்பாக்கி இருந்தால் தூக்கு. நம் தஞ்சாவூர்ச் சீமைக் கணபதியை உங்களுக்கு நினைவிருக்கும். மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். துப்பாக்கியைப் போலீசிடம் ஒப்படைக்கத்தான் எடுத்துப் போனேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. நேரு சர்க்கார் மன்றாடியும் கேட்காமல் 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அன்றைக்கு இந்தத் தோட்டத்தில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. ஆனால் யாரும் வாய்விட்டு அழவில்லை. அழுதால் யாராவது கணக்கு வைத்துக்கொள்வார்கள் என்ற பயம்.

துப்பாக்கியோடு காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகள் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை, அண்ணா. இரவில் வந்து பால்மரங்களை வெட்டிச் சிதைக்கிறார்கள். பஸ்ஸைக் கொளுத்துகிறார்கள். சர்க்கார் கொடுத்த அடையாள அட்டையைப் பிடுங்கிக் கிழிக்கிறார்கள். அட்டை இல்லாமல் பிடிபட்டால் போலீஸ் விடுவதில்லை. காட்டிக் கொடுத்தான் என்று சந்தேகப்பட்டு கூலிகளை மேற்பார்க்கும் நம் கங்காணிமாரையும் கொன்றிருக்கிறார்கள். காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தால் போலீஸ் பிடிக்கும், கொடுக்காவிட்டால் அவர்கள் வருவார்கள். கூலிக்குப் பால் வெட்டுகிறவன் எங்கே போவான்?

இப்போது கூலிகள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டாகிவிட்டது. பால் வெட்டப் போகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோகக் கூடாது. வாசலில் பெண்களின் மடியைக்கூடத் தடவிப் பார்க்கிறார்கள். கடைக்காரர் டின் பாலை ஓட்டை போட்டுத்தான் தருகிறார், காட்டுக்குப் போய்ச் சேராமல் இருப்பதற்காக.

போன மாதம் தஞ்சோங் மாலிமில் நடந்ததைக் கேளுங்கள். ஊருக்குப் பக்கத்தில் அதிகாரிகளையும் போலீஸ்காரர்களையும் மறைந்திருந்து கொன்றுவிட்டார்கள். புதிதாக வந்திருக்கும் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் டெம்ப்ளர் நேரில் வந்து ஊரையே தண்டித்தார். நாளுக்கு 22 மணி நேரம் ஊரடங்கு. அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார்கள், பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பிறகு வீட்டுக்கு வீடு ஒரு தாள் கொடுத்து, தெரிந்த கம்யூனிஸ்டுகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதுகிறவர் தம் பெயரைப் போட வேண்டியதில்லை. பூட்டிய பெட்டிகளில் சேர்த்துக் கோலாலம்பூருக்கே கொண்டுபோனார்கள். பிறகு கைதுகள் நடந்தன. யார் யாரை எழுதினார் என்பது இனி அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. அண்டை வீட்டுக்காரனிடம் இனி என்ன முகத்தோடு பேசுவார்கள்?

எங்கள் தோட்டத்தில் பழைய சங்கத்தின் செயலாளராக இருந்தவர் ஒருவர். கூலியை ஏற்றச் சொல்லியும் கள்ளுக்கடையை மூடச் சொல்லியும் துரையிடம் மனு எழுதிக் கொடுத்தார். அவர் செய்தது அவ்வளவுதான். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதையில் கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்த மனிதர். மாசியில் ஒரு விடியற்காலை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் அவர் மனைவி வழக்கம்போலக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வந்து நின்றார். அவரைச் சுற்றி நாலு முழம் தள்ளித்தான் மற்றவர்கள் நின்றார்கள். இரவில் என் வீட்டுக்காரி குழம்பு கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அதற்கே பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டு, "வாத்தியாரே, வீட்டில் கொஞ்சம் பார்த்து நடக்கச் சொல்லுங்கள்" என்றார். கெட்டவர் அல்ல, பயந்து சொன்னார். குழம்பு போவதை நாங்கள் நிறுத்தவில்லை.

இப்போது சர்க்காரே சங்கம் வையுங்கள் என்கிறது. முறையாகப் பதிவு செய்த சங்கங்கள் வந்திருக்கின்றன. ஆனால் சந்தாப் புத்தகத்தில் பெயர் எழுதச் சொன்னால், நேற்றைய சங்கத்தில் பெயர் எழுதியவர்கள் இன்று எங்கே என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் வரவில்லை. துப்பாக்கி எடுத்தவனைச் சர்க்கார் தேடட்டும். மனு எழுதியவனையும் அவனோடு சேர்த்துக் கட்டினால், இந்த ஜனங்கள் இன்னும் எத்தனை வருஷம் கூலி கேட்கப் பயப்படுவார்களோ!

இன்னொன்று. மூன்றாம் வகுப்பில் 'எங்கள் வீடு' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பையன், இரவில் மாமா ஒருவர் வந்து சாப்பிட்டுவிட்டு விடியுமுன் போய்விடுவார் என்று எழுதியிருந்தான். எந்த மாமாவோ, எனக்குத் தெரியாது. அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, பசுமாட்டைப் பற்றி எழுதச் சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எதை எழுதக் கூடாது என்று சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

ஆகவே மூத்தவனை இப்போது அனுப்ப வேண்டாம். அவனைக் கோபிக்காமல், சித்தப்பா சொன்னதாகச் சொல்லுங்கள். அவன் பேசுகிற பேச்சை அங்கேயே பேசட்டும். பேச முடிகிற இடம் அதுதான். பதில் தபாலில் சங்கம், தேர்தல், இந்தக் கடிதம், எதைப் பற்றியும் ஒரு வார்த்தை வேண்டாம். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது, குறுவைக்கு விதைநெல் வாங்கியாயிற்றா என்று மட்டும் எழுதுங்கள். இதைக் கொண்டுவருகிறவரிடம் ஐம்பது ரூபாய் கொடுத்திருக்கிறேன், பெற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி