லிட்டில் பிக்ஹார்ன் போய் வந்தேன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. மூட்டு அறுவை நல்லபடியாக முடிந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். மகனுக்கு மொன்டானா மாநிலத்தில் பில்லிங்ஸ் நகருக்கு வேலை மாற்றல். அவனைப் பார்க்கப் போனபோது, அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்துக்கும் போய் வந்தோம்.

"அது 1876இல் நடந்த சண்டைதானே, ராணுவக் காகிதங்களில் எல்லாம் இருக்குமே, அங்கே தொல்லியலுக்கு என்ன வேலை?" என்று போனில் கேட்டாய். அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

கதைச் சுருக்கம் உனக்குத் தெரியும். 1868இல் லகோட்டா என்ற பூர்வகுடி மக்களோடு அமெரிக்க அரசு ஓர் ஒப்பந்தம் போட்டு, பிளாக் ஹில்ஸ் மலைகளை அவர்களுக்கு என்று எழுதிக்கொடுத்தது. 1874இல் கஸ்டர் என்ற ராணுவ அதிகாரியின் தலைமையில் போன படை அங்கே தங்கம் இருப்பதாகச் செய்தி அனுப்பியது. அப்புறம் ஒப்பந்தத்தை யார் மதித்தார்கள்? 1876 ஜனவரி முடிவதற்குள் எல்லோரும் அரசு ஒதுக்கிய நிலத்துக்குள் போய்விட வேண்டும் என்று கெடு வைத்தார்கள். போகாதவர்கள் மேல் படை ஏவினார்கள். ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கூடாரமிட்டிருந்த லகோட்டா, ஷையான், அரபஹோ மக்களைத் தாக்க வந்த கஸ்டர், ஏழாவது குதிரைப்படையைப் பல பிரிவாகப் பிரித்தார். அவரோடு கடைசிவரை நின்ற சுமார் 210 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அவருடைய இரண்டு தம்பிகள், அக்கா மகன், தங்கை கணவர் என ஒரு குடும்பமே அங்கே விழுந்தது.

'ஒருவரும் மிஞ்சவில்லை' என்பதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. சாட்சி யாரும் இல்லை என்று முடிவுகட்டி, அவரவர் விருப்பப்படி எழுதிக்கொண்டார்கள். கஸ்டரின் மனைவி எலிசபெத் 1933 வரை இருந்தார், கணவரின் பெயரைக் கடைசிவரை கட்டிக்காத்தார். குன்றின் உச்சியில் வீரர்கள் புடைசூழக் கஸ்டர் வாள் வீசிப் போராடும் ஓவியத்தை 1896இல் ஒரு பீர் கம்பெனி ஆயிரக்கணக்கில் அச்சடித்து மதுக்கடைகளுக்கு வழங்கியது. நாடே அதைப் பார்த்துத்தான் வரலாறு படித்தது. அன்று அந்தப் படையினரிடம் வாளே கிடையாது.

ஆனால் சாட்சிகள் ஒருவர் இருவர் இல்லையே! எதிர்ப்பக்கம் நின்று சண்டையிட்ட நூற்றுக்கணக்கானவர்கள் உயிரோடு இருந்தார்கள், கேட்டவர்களிடம் சொல்லவும் சொன்னார்கள். ரெட் ஹார்ஸ் என்ற லகோட்டா வீரர் 1881இல் அந்தச் சண்டையை 40க்கும் மேற்பட்ட படங்களாக வரைந்து கொடுத்தார். குதிரைகள் சரிவதும், சிப்பாய்கள் வரிசையாகக் கிடப்பதும், செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஊர் நகர்வதும் அவற்றில் உண்டு. சிப்பாய்கள் பலர் நிலைகுலைந்து துப்பாக்கியை எறிந்துவிட்டுக் கையைத் தூக்கினார்கள் என்றும் அவர் சொன்னார். 1886இல், பத்தாம் ஆண்டு நினைவுக்கு கால் (Gall) என்ற லகோட்டா தலைவர் அதே களத்துக்கு வந்து, எங்கே எது நடந்தது என்று நடந்து காட்டினார். முன்னுக்குப் பின் முரண், மொழிபெயர்ப்பில் குழப்பம், பயந்து சொன்னது என்று சொல்லிப் பலர் இவற்றை ஒதுக்கி வைத்தார்கள். அங்கே நின்று இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது எழுதும்போதும் வருகிறது.

1983 ஆகஸ்டில் புல்வெளி தீப்பிடித்தது. அடர்ந்த புல்லும் புதரும் எரிந்து தரை மொட்டையானதில், நூறு வருஷமாக மறைந்து கிடந்தவை கண்ணில் பட்டன. அடுத்த இரண்டு கோடைகளில் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர்கள் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு இறங்கினார்கள். மெட்டல் டிடெக்டரோடு சில மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடப்பது, சத்தம் வந்த இடத்தில் சின்னக் கொடி நடுவது, பின்னால் வருபவர்கள் தோண்டி எடுத்து அளந்து குறிப்பது. இவ்வளவுதான் முறை. இப்படி ஆயிரக்கணக்கான பொருள்கள் கிடைத்தன.

பெரும்பாலும் காலித் தோட்டாக்களும் ஈயக் குண்டுகளும்தான். விசையை இழுக்கும்போது துப்பாக்கியின் ஊசி தோட்டாவின் அடியில் குத்துகிறது இல்லையா? அந்தக் குத்துத் தடம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும், கைரேகை மாதிரி. போலீஸ் ஆய்வகத்தில் செய்வதுபோல மைக்ராஸ்கோப்பில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே துப்பாக்கி சுட்ட தோட்டாக்கள் தெற்கே ஒரு மேட்டிலும், வடக்கே கஸ்டர் விழுந்த குன்றருகிலும் கிடந்தால், அந்தத் துப்பாக்கி போன வழி தெரிந்துவிடும். ஒரு மனிதர், பெயர் தெரியாத ஒருவர், அந்த மதியத்தில் எங்கிருந்து எங்கே ஓடிச் சுட்டார் என்று 108 வருஷம் கழித்துக் காகிதத்தில் கோடு போட முடிகிறது!

அந்தக் கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கிற கதை வேறு. கால்ஹூன் குன்றில் சிப்பாய்கள் முறைப்படி வரிசை அமைத்துச் சுட்ட தடம் இருக்கிறது. எதிர்த்தரப்பில் 40க்கும் மேற்பட்ட வகைத் துப்பாக்கிகள். சிப்பாய்கள் கையில் ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுடும் ஸ்பிரிங்ஃபீல்ட் இருக்க, இவர்களில் பலரிடம் தொடர்ந்து சுடக்கூடிய ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்தன. அந்த வரிசை உடைந்தபின் சிப்பாய்களின் தோட்டாக்கள் சட்டென்று குறைந்துவிடுகின்றன. ஓவியத்தில் கடும் போர் நடக்கும் அந்தக் கடைசிக் குன்றிலும் படையினர் சுட்ட தோட்டாக்கள் கொஞ்சம்தான். வரிசை சிதறி, பயத்தில் கும்பலாகச் சேர்ந்து, ஓடி, விழுந்திருக்கிறார்கள் என்பது ஃபாக்ஸின் முடிவு. ரெட் ஹார்ஸ் சொன்னதற்கு இது எவ்வளவு நெருக்கம், பார். சிப்பாய்களின் துப்பாக்கியில் காலித் தோட்டா சிக்கிக்கொண்டதால்தான் தோற்றார்கள் என்று ஒரு சாக்கும் ரொம்ப நாளாக உண்டு. நெம்பி எடுத்த தடமுள்ள தோட்டாக்கள் மிகக் குறைவாகவே கிடைத்ததால் அதுவும் நிற்கவில்லை.

இன்னொன்று என்னை ரொம்பவே அசைத்தது. ஒரு முக எலும்புத் துண்டு கிடைத்தது, மேல்வரிசைப் பற்களோடு. எப்போதும் புகைக்குழாயைக் கடித்துக்கொண்டிருந்ததால் பல் வளைவாகத் தேய்ந்திருந்தது. பழைய புகைப்படத்தை அதன்மேல் பொருத்திப் பார்த்து, கஸ்டரின் வழிகாட்டியான மிச் போயரின் எலும்பு என்று முடிவுக்கு வந்தார்கள். அப்பா பிரெஞ்சு, அம்மா லகோட்டா. எதிர்ப்பக்கம் தாய்வழிச் சொந்தங்கள் நின்ற சண்டையில் செத்தவர் அவர். மேல்பாகத்தை அறுத்தெடுத்த பூட்ஸ்களும் கிடைத்தன. ஆற்றங்கரைக் கூடாரங்களில் இருந்தவர்கள் தோலை வேறு உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டு அடிப்பாகத்தை விட்டுப்போயிருக்கிறார்கள்.

சரிவெங்கும் வெள்ளைக் கற்கள் நிற்கின்றன, சிப்பாய்கள் விழுந்த இடம் என்று 1890இல் நட்டவை. கஸ்டரோடு செத்தவர்களைவிடக் கற்கள் அதிகம். இரட்டையாக நின்ற சில கற்களின் அடியில் தோண்டியபோது பெரும்பாலும் ஒரே ஆளின் எலும்புதான் இருந்தது. பூர்வகுடி வீரர்களுக்குச் சிவப்புக் கற்கள் வைக்கத் தொடங்கியது 1999இல்தான். கஸ்டர் பெயரிலிருந்த களத்தின் பெயரை 1991இல் மாற்றினார்கள், 2003இல் பூர்வகுடிகளுக்கு நினைவிடம் திறந்தார்கள். எங்களுக்கு வழிகாட்டிய பெண் க்ரோ என்ற இன்னொரு பூர்வகுடி இனத்தவர். களம் இருப்பது அவர்களுடைய நிலத்துக்கு நடுவில். அவருடைய முன்னோர் படைக்கு வழிகாட்டிகளாகப் போனவர்கள், லகோட்டாக்கள் தங்கள் வேட்டை நிலத்தைப் பிடித்துக்கொண்டதால். இதையும் அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியாக, மண்ணியல் வாத்தியாரான உனக்கு ஒரு கேள்வி. சண்டைக்குப் பிறகு புதைக்க வந்தவர்கள், ஆழமான ஓர் ஓடைக்குள் 28 பேரின் உடல்கள் கிடந்ததாகச் சொன்னார்கள். அந்த ஓடையில் தேடியும் இன்றுவரை அவை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு படிந்த வண்டலுக்கு அடியில், நிலத்தடி நீர் மட்டத்தில் இருக்கலாம் என்கிறார்கள். ஒரு வறண்ட புல்வெளி ஓடையில் நூறு வருஷத்தில் அவ்வளவு வண்டல் படியுமா? எலும்பு அந்த ஈரத்தில் நிற்குமா, கரைந்துவிடுமா? ஓடையின் படங்களைத் தனியாக அனுப்புகிறேன். பார்த்துவிட்டு எழுது. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய அறைத்தோழன்