செயலாளரின் ஆண்டறிக்கை: கடந்த சித்திரை முதல் இந்தப் பங்குனி முடிய

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கோயில் அறங்காவலர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மியான்மரின் யாங்கோனில் இயங்கும் நம் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. பொங்கல் விழாவும் தைப்பூச அன்னதானமும் வழக்கம்போல் நடந்தன. மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த கூடத்தின் கூரைத் தகரம் மாற்றப்பட்டது. இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குக் கூட்டத் தொடக்கத்திலேயே அஞ்சலி செலுத்திவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மீதி நேரத்தை, இந்த ஆண்டு நாம் அதிகம் உழைத்த ஒரு காரியத்துக்கு ஒதுக்க உங்கள் அனுமதியைக் கோருகிறேன். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள நம் பிள்ளைகள் வீட்டிலேயே தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுக்கப் பழக வேண்டும் என்று தொடங்கிய வேலை அது.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தாய் எழுந்து கேட்டார்: "கோடை லீவுல கோயில்ல மூணு மாசம் தமிழ் படிக்குது, ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் எல்லாம் மறந்துபோகுதே, ஏன்?" கேள்வி நியாயமானது. பள்ளி திறந்தபின் பிள்ளையின் கண்ணில் படுவது முழுக்க பர்மிய எழுத்து. 2016-ல் பாடத்திட்டம் மாறிய பிறகு ஐந்து வயதிலேயே கேஜி வகுப்பில் சேர்க்கிறோம். அங்கே சயாமா, அதாவது ஆசிரியை, பர்மிய எழுத்துகளை "கஜீ, ககுவே" என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறார், பிள்ளை வீட்டுக்கு வந்தும் அதைப் பாடுகிறது. அது வேண்டியதுதான், இந்த நாட்டில் வாழும் பிள்ளைக்கு பர்மிய மொழி நன்றாக வர வேண்டும். ஆனால் அடுத்த கோடை வரும்வரை வீட்டில் தமிழ் எழுத்து என்று இருப்பது சாமி படக் காலண்டர் ஒன்றுதான். வருடத்தில் முக்கால் பங்கு கண்ணில் படாத எழுத்து எப்படி நினைவில் நிற்கும்? இதற்குக் கோயில் வகுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலை நடக்க வேண்டிய இடம் வீடு.

அதைச் சொன்னதும் எழுந்த அடுத்த கேள்விதான் கடினமானது. "எனக்கே தமிழ் வாசிக்கத் தெரியாதே, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?" இந்தக் கூடத்தில் இருக்கும் இளம் தாய் தந்தையரில் பலரின் நிலை இதுதான். இது அவர்கள் குற்றமில்லை. 1964-க்குப் பிறகு நம் சொந்தங்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறிப் போனார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின, தமிழ்ப் பள்ளிகளும் அதோடு போயின. அதன் பிறகு பிறந்தவர்களுக்குத் தமிழ் எழுத்து கிடைத்ததென்றால் கோயில் திண்ணையில் யாராவது ஒரு பெரியவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததால் கிடைத்தது. கிடைக்காதவர்கள் பேச்சை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்தப் பேச்சு இருந்தால் போதும், வீட்டில் வாசிப்பைத் தொடங்கிவிடலாம் என்பதைத்தான் இந்த ஆண்டு கண்ணால் பார்த்தோம்.

இந்நகரின் தாம்வே பகுதியில் ஒரு வீட்டுக்கு நம் நூலகப் பொறுப்பாளர் அக்காவுடன் சென்றிருந்தேன். நான்காவது மாடி, ஒரே அறை. அம்மா தையல் வேலை செய்பவர், தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. கன்னத்தில் பூசிய தனக்கா என்ற மரப்பட்டைக் குழம்பு இன்னும் காயாத நாலு வயதுப் பெண் மடியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு படக்கதை. அம்மா முதல் பக்கத்தைத் திருப்பி, "இது யாரு?" என்றார். பிள்ளை பர்மியத்தில் "சின்" என்றது. அம்மா திருத்தவில்லை, "தமிழ்ல சொல்லு" என்று அதட்டவும் இல்லை. "ஆமா, யானை. யானை ஏன் கண்ண மூடிக்கிட்டு நிக்குது?" என்று கேட்டார். பிள்ளை கொஞ்சம் யோசித்து, "தூங்குது" என்றது. "எங்க தூங்குது?" "மரத்துக்கிட்ட." அடுத்த பக்கத்தைப் பிள்ளையே திருப்பியது. அங்கே எழுதியிருந்த வரியை அந்த அம்மா வாசிக்கவே இல்லை. படத்தைப் பார்த்துக் கதையைத் தன் வாயால் சொன்னார். பிறகு அக்கா அதே பக்கத்தை விரல் வைத்து வாசித்துக் காட்டினார். அம்மா சொன்ன "யானை" அந்த வரியில் எங்கே இருக்கிறது என்று பிள்ளை குனிந்து தேடியது.

படிப்பித்தல் என்றால் எழுத்தில் தொடங்குவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சின்னப் பிள்ளை விஷயத்தில் காது முந்த வேண்டும். தமிழில் 'க' என்று ஒரே எழுத்தை எழுதிவிட்டு கதவு, தங்கம், பகல் என்று மூன்று விதமாக ஒலிக்கிறோம். பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதில் சிக்கலே இல்லை, வாய் தானாகச் சரி செய்துகொள்ளும். பர்மியத்தில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் இருப்பதால், தமிழ் அதிகம் கேட்காத பிள்ளை 'பகல்' என்பதையும் 'கதவு' போலவே அழுத்தி வாசிக்கிறது, வாசித்தபின் பொருளும் புரியாமல் விழிக்கிறது. எழுத்தட்டையை எத்தனை முறை காட்டினாலும் இது தீராது. மடியில் வைத்துக் கதை சொன்னால் தீரும்.

எழுத்துக்கு வரும்போது நம் மூத்த ஆசிரியர் ஐயா ஒரு நல்ல வழி காட்டினார். 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பித்த பிறகுதான் சொல் என்றால் பிள்ளைக்கு அலுத்துவிடும். முதலில் பிள்ளையின் பெயர், பிறகு ட, ப, ம, ர. இந்த நாலும் ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், மரம், மடம், பட்டம் எல்லாம் வாசிக்கலாம். வாசித்த மகிழ்ச்சி அன்றைக்கே கிடைத்துவிடுகிறது. இன்னொன்றும் சொன்னார், அதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். 'கெ', 'கே' எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இதில் தடுமாறுவார்கள். நம் பிள்ளைகள் பள்ளியில் தவேதோ என்ற பர்மிய உயிர்க்குறியை எழுதப் பழகியவர்கள். பர்மியத்திலும் அந்தக் குறி எழுத்துக்கு முன்னால்தான் நிற்கிறது. மெய்யெழுத்தின் தலையில் நாம் வைக்கும் புள்ளிக்கும் பர்மியத்தில் எழுத்தின் மேல் போடும் கொக்கிக்கும் வேலை ஒன்றே. "ஸ்கூல்ல போடுவியே, அதே மாதிரிதான்" என்று ஐயா சொன்னதும் கேஜி முடித்த பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். பர்மிய எழுத்து தெரிந்தால் தமிழ் கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி புத்தகங்கள். சங்கத்தின் பழைய அலமாரியைத் திறந்து பார்த்தோம். 1964-க்கு முன் வந்தவை நிறைய இருக்கின்றன, அவற்றைப் பத்திரமாகத் துடைத்து வேப்பிலை போட்டு வைத்திருக்கிறோம். ஆனால் பிள்ளைகள் கையில் அவற்றைக் கொடுக்க முடியாது. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது ணை, லை, ளை, னை உட்பட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. பழைய புத்தகங்களில் இந்த 'லை' யானைத் தும்பிக்கை போல் வளைந்த கொம்போடு நிற்கும். புதிதாக எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு அது தெரியாத எழுத்து. அந்த அலமாரி தாத்தா பாட்டிமார் எடுத்து வாசித்துப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்வதற்கு என்று முடிவு செய்திருக்கிறோம்.

பிள்ளைகளுக்குப் புதிய புத்தகம் வாங்க வேண்டுமென்றால் தமிழ்நாட்டிலிருந்துதான் வர வேண்டும். புத்தகக் கடைகள் உள்ள பன்சோடான் தெருவில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் தமிழ்ச் சிறுவர் புத்தகம் கிடைப்பது அரிது. எனவே பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து கதைகளை இறக்கினோம். அவை எவரும் அச்சிட்டுப் பகிர உரிமை அளிக்கப்பட்டவை. எழுதியவர், படம் வரைந்தவர் பெயரை நீக்கக்கூடாது, நாமும் நீக்கவில்லை. முதல் நிலைக் கதைகளில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான் இருக்கும், அதுதான் நமக்கு வேண்டியது. கலர் பிரிண்ட் கட்டுப்படியாகாது என்பதால் கறுப்பு வெள்ளையில் எடுத்து, அட்டை வைத்து, ஸ்டேப்ளர் அடித்து, வண்ணம் தீட்டுவதைப் பிள்ளைகளிடமே விட்டோம். தான் வண்ணம் தீட்டிய புத்தகத்தைப் பிள்ளை தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறது என்று இரண்டு வீட்டில் சொன்னார்கள்.

ஞாயிறு வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் துணிப்பை ஒன்றில் இரண்டு புத்தகம் எடுத்துச் செல்கிறது, அடுத்த வாரம் மாற்றிக்கொள்கிறது. பை தைத்துக் கொடுத்தது நம் மகளிர் குழு. மழைக்காலத்தில் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையும் வைக்கிறோம். கிழிந்தாலும் நனைந்தாலும் அபராதம் கிடையாது என்பது செயற்குழுவின் முடிவு. அபராதம் என்றால் பல வீடுகளில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கிழிந்தவற்றை ஒரு பாட்டி மைதாப் பசை காய்ச்சி, காலண்டர் தாள் வெட்டி ஒட்டித் தருகிறார். அவர் வேலை அத்தனை சுத்தம்; ஒட்டிய இடத்தை விரலால் தடவினால்தான் தெரியும். அவருக்கு இந்த அவையின் நன்றி உரியது.

செயற்குழுவில் நீண்ட நேரம் விவாதித்த ஒரு விஷயம் உண்டு. வீட்டில் பிள்ளை சொல்ல, எழுதத் தெரிந்த ஒருவர் எழுதித் தைத்த சிறு புத்தகங்கள் சில உருவாயின. திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் வாளியோடு நின்றது பற்றி ஒரு பையன் "நான் தண்ணி ஊத்தினேன், மாமா ஓடிட்டாரு" என்று சொன்னான். அதை அப்படியே எழுதுவதா, "ஓடிவிட்டார்" என்று மாற்றுவதா? எழுத்துத் தமிழ் கெடக்கூடாது என்று மூத்த உறுப்பினர்கள் வலியுறுத்தினார்கள். அவர்கள் கவலை உண்மையானது, இந்த மண்ணில் தமிழை இழக்காமல் வைத்திருந்தவர்கள் அவர்கள். ஆனாலும் என் கருத்து மறுபக்கம்தான், குழுவும் அதை ஏற்றது. முதல் புத்தகத்தில் பிள்ளை தன் சொல்லையே பார்க்க வேண்டும். தன் வாயிலிருந்து வந்தது தாளில் நிற்கிறது என்று தெரிந்தபின் பிள்ளை அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. அச்சுப் புத்தகத்தை வாசித்துக் காட்டும் பெரியவர்களும் "சென்றான்" என்று வாசித்துவிட்டு, "போனான்" என்று கூடவே சொல்லிக் கடக்கலாம். ஆறு ஏழு வயதில் இரண்டுக்கும் உள்ள உறவைப் பிள்ளையே கண்டுகொள்ளும்.

கரண்ட் போகும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முறை வைத்து மின்சாரம் வரும் நகரத்தில், டிவி அணைந்திருக்கும் அந்த நேரமே பல வீடுகளில் கதை நேரமாகிவிட்டது. சார்ஜ் விளக்கு ஒன்றும் ஒரு புத்தகமும் போதும். தினம் பத்து நிமிடம், பிள்ளை எழுந்து ஓடினால் அன்றைக்கு அவ்வளவுதான், பிடித்து உட்கார வைக்க வேண்டாம் என்று தாய்மார்களிடம் கேட்டுக்கொண்டோம். ஒரே கதையைப் பல நாள் கேட்டாலும் அலுத்துக்கொள்ளாமல் சொல்லுங்கள் என்றோம். அப்படிக் கேட்கும் பிள்ளைதான் வரியை மனத்தில் வைத்துக்கொண்டு, பிறகு அதன் மேல் விரலை ஓட்டி எழுத்தை அடையாளம் காண்கிறது.

சிறு பிள்ளைகளுக்கான ஒப்புவித்தல் போட்டிப் பரிசை இவ்வாண்டு நிறுத்தியதை அறிவீர்கள். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும்தான். பெரிய பிள்ளைகளுக்கான பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் தொடரும். மேடையில் தடுமாறி அழுத பிள்ளை அதன் பிறகு புத்தகத்தைக் கண்டாலே ஒளிவதை நம் ஆசிரியைகள் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு அட்டையும் வண்ணப் பென்சிலும் வாங்கினோம்.

வரும் ஆண்டுக்கு அவையின் ஒப்புதல் கோருபவை மூன்று. இன்செயினிலும் திங்கான்சூனிலும் உள்ள உறுப்பினர் வீடுகளில் ஒவ்வொரு புத்தகப் பெட்டி வைக்க வேண்டும். அங்கிருந்து சின்னப் பிள்ளையை ஞாயிறுதோறும் பஸ்ஸில் அழைத்து வருவது தாய்மார்களுக்குச் சிரமமாக இருக்கிறது. வாசிக்கக் கற்க விரும்பும் பெற்றோருக்குக் கோடை வகுப்போடு மாலையில் தனி வகுப்பு நடத்த வேண்டும், மூத்த ஆசிரியர் ஐயா ஒத்துக்கொண்டிருக்கிறார். ஊருக்குப் போய் வரும் உறுப்பினர்கள் பெட்டியில் இடமிருந்தால் இரண்டு சிறுவர் புத்தகம் வாங்கி வர வேண்டும். எழுத்து பெரிதாக, வரி குறைவாக, படம் தெளிவாக இருக்கட்டும்.

திஞ்சான் விடுமுறைக்கு முன் எல்லாப் பைகளையும் நூலகப் பொறுப்பாளரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கணக்கெடுத்து மறுபடி வழங்குவோம். கூடத்தைக் கட்டணமின்றி அளித்த கோயில் நிர்வாகத்துக்கும், ஞாயிறுதோறும் வந்து உழைத்த ஆசிரியைகளுக்கும், மகளிர் குழுவுக்கும், நன்கொடையாளர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையை அவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்