செட்டைக் கொடுத்துவிடாதே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் வந்தது. பேரன் பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஆனால் கடைசிப் பக்கத்தில், கை நடுக்கத்தால் டயலைத் திருப்ப முடியவில்லை, மோர்ஸ் தட்டும் கீயும் பிடிபடவில்லை, ஹாம் ரேடியோ செட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. கொடுக்காதேடா. ஒரு மாதம் பொறு.

கண் ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கும் இரவில் செட்டின் எண்கள் கலங்கித்தான் தெரிந்தன. அதனால் அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிடலாம் என்று இறங்கினேன். நாம் ஒன்றாக வாங்கிய அதே ஐகாம் 718தான். பின்பக்கம் ரிமோட் என்று ஒரு சின்ன 3.5 மில்லிமீட்டர் ஜாக் இருக்கிறதே, இத்தனை வருஷமாக நாம் தொட்டதே இல்லை, வழி அதில்தான் இருக்கிறது. போவதற்கும் வருவதற்கும் ஒரே கம்பி. சும்மா இருக்கும்போது அதில் 5 வோல்ட் நிற்கும், பேச வேண்டியவர் அதைக் கீழே இழுத்துப் பேச வேண்டும். ரிச்சி தெருவில் ஒரு யுஎஸ்பி சீரியல் மாட்யூல் வாங்கினேன், கம்ப்யூட்டரின் யுஎஸ்பியை இந்த மாதிரிக் கம்பிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்ன போர்டு அது. அதன் அனுப்பும் முனையை ஒரு ஷாட்கி டயோடு வழியாகவும், வாங்கும் முனையை நேராகவும் அந்தக் கம்பியில் சேர்த்தேன். டயோடின் கோடு போட்ட முனை மாட்யூல் பக்கம் இருக்க வேண்டும். சாதாரண சிலிக்கான் டயோடு போட்டால் கம்பி முழுதாகக் கீழே இறங்காது, அதனால்தான் ஷாட்கி.

செட்டோடு பேசுவது தபால் எழுதுவது மாதிரியேதான். எல்லாம் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்கள். முதலில் எஃப்இ எஃப்இ என்று இரண்டு முறை கதவைத் தட்ட வேண்டும், அடுத்து பெறுநர் விலாசம் 5இ, அது நம் 718-க்கு உரியது, அனுப்புநர் இ0, அது கம்ப்யூட்டர். அப்புறம் 03 என்றால் ‘எந்த அலைவரிசையில் இருக்கிறாய்?’ என்று கேள்வி. எஃப்டி போட்டால் கடிதம் முடிந்தது. முதல் நாள் அனுப்பியதும் உடனே ஏதோ திரும்பி வந்தது, ஆனால் இரண்டு நாள் பார்த்தும் அதில் அலைவரிசையைக் காணோம். ஒரே கம்பி என்பதால் நாம் அனுப்பியதே நமக்கும் கேட்கிறது என்று மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. செட் வாயே திறந்திருக்கவில்லை. செட்டின் மெனுவில் பாட் ரேட்டை, அதாவது பேசும் வேகத்தை, 9600 ஆக்கி மறுபடி கேட்டேன், எதிரொலிக்குப் பின்னால் 00 00 05 07 00 என்று வந்தது. பின்னாலிருந்து இரண்டிரண்டு எண்ணாகப் படித்துப் பார், 7.050 மெகாஹெர்ட்ஸ்! நாம் சின்ன வயதில் கிரிஸ்டல் செட்டில் முதல் குரலைக் கேட்டோமே, அன்றைக்கு இருந்த சந்தோஷம் அப்படியே வந்தது.

செட்டை ஒலிபரப்ப வைப்பதற்கு மாட்யூலின் ஆர்டிஎஸ் என்ற கட்டுப்பாட்டு முனையிலிருந்து ஒரு ஆப்டோகப்ளர், அதன் எல்ஈடிக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். இந்த வழியில் கம்ப்யூட்டருக்கும் செட்டுக்கும் நடுவே வெளிச்சம் மட்டும்தான் தாண்டும், செம்பு தொடாது. ஆடியோவுக்கும் அதே நியாயம்தான், பழைய மோடம் கார்டுகளிலிருந்து கழற்றிய 600 ஓம் டிரான்ஸ்பார்மர் இரண்டு போட்டிருக்கிறேன், முன்பு இருந்த ஹம் என்ற இரைச்சல் அடியோடு போய்விட்டது. ஒரு விஷயம் மட்டும் கவனம். புரோகிராம் போர்ட்டைத் திறந்த நொடியில் ஆர்டிஎஸ் தானே உயிர் பெற்று, செட் ஒலிபரப்பில் போய் நின்றுவிட்டது. நல்லவேளையாக அன்று ஆன்டெனாவுக்குப் பதில், சக்தியைக் காற்றில் விடாமல் சூடாக்கி விழுங்கும் டம்மி லோடு மாட்டியிருந்தேன். இப்போது அந்த வழியில் ஒரு சுவிட்ச் வைத்துவிட்டேன், எல்லாம் கிளம்பி நின்ற பிறகே அதைப் போடுவேன்.

100 வாட்ஸில் பேசினால் யுஎஸ்பி இணைப்பு அறுந்துபோவது தனித் தொல்லை. மொட்டை மாடி ஆன்டெனா, பக்கத்துக்குப் பத்து மீட்டர் கம்பி, என் தலைக்கு மேலேயே நிற்கிறது, அபார்ட்மென்ட்டில் வேறு இடம் ஏது? யுஎஸ்பி கேபிளை ஃபெரைட் வளையத்தில் எட்டுச் சுற்று சுற்றி, போர்டை இரும்பு டப்பாவில் அடைத்த பிறகுதான் நின்றது.

சரி, உன் விஷயம். உனக்காக இன்னொரு போர்டு சால்டர் செய்துகொண்டிருக்கிறேன். அதில் டிடிஆர் என்ற இன்னொரு கட்டுப்பாட்டு முனைக்கும் ஒரு ஆப்டோகப்ளர் சேர்த்து கீ ஜாக்குக்குக் கொடுக்கிறேன். நீ டயலைத் தொடவே வேண்டாம், அலைவரிசையை எண்ணாக அடித்து என்டர் தட்டினால் போதும். ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக அடித்து வரியை முடித்துவிட்டு அனுப்பு, மோர்ஸ் சீராகப் போகும், உன் கை நடுக்கம் காற்றில் யாருக்கும் கேட்காது. பழைய லேப்டாப் ஒன்று இருந்தால் போதும். இல்லையென்றால் சொல், என் பையன் விட்டுப்போனது சும்மாதான் கிடக்கிறது, அதில் எல்லாம் ஏற்றியே அனுப்புகிறேன்.

மெனுவில் விலாசம் 5இ என்றே இருக்கிறதா என்று பார்த்து எழுது, பின்பக்க ஜாக்கில் துரு பிடித்திருக்கிறதா என்றும் பார். பார்சல் வந்து சேர்ந்த பிறகு வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு 7.020-ல் கூப்பிடுகிறேன். தென்காசிக்குப் பகலில் 40 மீட்டர் அலைவரிசை (7 மெகாஹெர்ட்ஸ்) தாராளமாக எட்டும்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே
சென்னை